இஞ்சிப் பெட்டியில் ஒரு குடும்பப் பெயர்

நோர்த் யோர்க், ரொறன்ரோ
3 மார்ச் 2025

அண்ணாவுக்கு,

உங்கள் போனில் என் இலக்கத்தைத் தடுத்து வைத்திருக்கிறீர்கள். வட்ஸ்அப்பிலும் அப்படித்தான். அதனால் தபாலில் எழுதுகிறேன். ஆங்கிலத்தில் முகவரி எழுதினால் வங்கிக் கடிதம் என்று பிரிக்காமல் போட்டுவிடுவீர்கள் என்று பயந்து, உறையின் பின்பக்கத்தில் தமிழில் என் பெயரைப் பெரிதாக எழுதியிருக்கிறேன்.

எனக்கு ஓகஸ்ட் மாதம் பிள்ளை பிறக்க இருக்கிறது. கோயிலில் யாராவது சொல்லி நீங்கள் கேள்விப்படக் கூடாது. பிள்ளைக்கு மாமன் நீங்கள்.

இரத்த அழுத்தம் கொஞ்சம் கூட என்கிறார் டொக்டர். மற்றபடி சுகம். ஜுன்ஹோ சமைக்கிறார், நான் சாப்பிடுகிறேன், பாதி வெளியே வந்துவிடுகிறது.

ஒரு விஷயம் கேட்க வேண்டும். பிள்ளைக்கு என்ன லாஸ்ற் நேம் வைப்பது என்று நாங்கள் இன்னும் முடிவெடுக்கவில்லை. ஜுன்ஹோவின் குடும்பப் பெயர் காங். எனக்கு இருப்பது அப்பாவின் பெயர், தில்லையம்பலம். இரண்டில் ஒன்றை வைக்கலாம், இரண்டையும் சேர்த்தும் வைக்கலாமாம். அம்மாவும் போன பிறகு எங்கள் பக்கத்தில் மூத்தவர் நீங்கள்தான். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

கலியாணத்துக்கு நீங்கள் வராததைப் பற்றி இங்கே ஒன்றும் எழுதவில்லை. தொடங்கினால் முடியாது.

துர்க்கா


டோர்செட் பார்க், ஸ்காபரோ
17 மார்ச் 2025

துர்க்கா,

கடிதம் கிடைத்தது. பிள்ளை விஷயம் சந்தோஷம். அண்ணியிடம் காட்டினேன், அழுதாள். பிரஷர் என்றால் உப்பைக் குறை. அந்தக் கொரிய ஆட்கள் புளிக்கவைத்துச் சாப்பிடுகிற முட்டைக்கோவா முழுக்க உப்பு.

லாஸ்ற் நேமைப் பற்றி என்னிடம் ஏன் கேட்கிறாய்? கலியாண அழைப்புக் காட் அடிக்கும்போது கேட்டாயா? அதில் மாப்பிள்ளையின் தாய் தகப்பன் பெயர் இருந்தது. உன் பக்கத்தில் ‘துர்க்கா’ என்று ஒரே ஒரு சொல். யார் பெற்ற பிள்ளை என்று இல்லை. அப்பாவின் பெயர் இல்லாத காட்டைக் கையில் வைத்துக்கொண்டு அப்பாவின் இடத்தில் நான் எப்படி வந்து நிற்பது? அதுதான் வரவில்லை. நீ கேட்காவிட்டாலும் சொல்லிவிட்டேன்.

இன்னொன்று. அந்தக் காட்டில் மாப்பிள்ளையின் பெயருக்கு மேலே சீன எழுத்து ஒன்றைப் பெரிதாக அடித்திருந்தீர்கள். எங்கேயோ கண்ட எழுத்து மாதிரியே இருந்தது, பிடிபடவில்லை. போன கிழமை கடையில் மரக்கறி இறக்கும்போது பிடிபட்டது. சீனாவிலிருந்து வருகிற இஞ்சிப் பெட்டியில் அதே எழுத்து! வீட்டிலிருந்து காட்டைக் கொண்டுபோய்ப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஒரு கோடு மாறவில்லை. என்னோடு வேலை செய்கிற மரியோ சிரித்த சிரிப்பில் ஒரு பெட்டி கீழே விழுந்து இஞ்சி எல்லாம் உருண்டது.

தில்லையம்பலத்தின் பேரப்பிள்ளைக்கு இஞ்சி என்று பெயர் வைக்கப் போகிறாய். வை. எனக்கென்ன.

அன்புராசா


நோர்த் யோர்க்
24 மார்ச் 2025

அண்ணா,

உங்கள் கடிதத்தை ஜுன்ஹோவுக்கு மொழிபெயர்த்துச் சொன்னேன். இஞ்சி வந்த இடத்தில் அவரும் உங்கள் மரியோ மாதிரித்தான் சிரித்தார். அவருக்கு அந்த எழுத்தை வாசிக்கவே தெரியாது. இங்கே பிறந்தவர். கொரியர்களுக்கென்று சொந்த எழுத்து இருக்கிறது, சீன எழுத்தை இப்போது பெயருக்கும் சில பழைய சொற்களுக்கும்தான் எழுதுகிறார்கள். காட்டில் போட வேண்டும் என்று பிடிவாதமாக நின்றது அவருடைய அம்மா.

ஆகவே மாமியிடம் கேட்டேன். மாமி சிரிக்கவில்லை. விளம்பரத் தாள் ஒன்றைத் திருப்பிப் போட்டுப் பேனையால் கீறிக் காட்டினா. காங் என்பது இது: 姜. மேலே இருப்பது ஆடு, இரண்டு கொம்பும் தெரிகிறது பாருங்கள். கீழே இருப்பது பெண். ஆடு அங்கே நிற்பது ஓசைக்காகவும்தானாம். சீனாவில் ஆட்டை ‘யாங்’ என்பார்களாம். இஞ்சிக்கு உண்மையான எழுத்து வேறு: 薑. மேலே புல், கீழே வயலும் வரம்பும். எழுதக் கை நோகும் என்று சீனாவில் அதைச் சுருக்கியபோது, அதே மாதிரி ஒலிக்கிற இந்தச் சின்ன எழுத்தை எடுத்து இஞ்சிக்குக் கொடுத்துவிட்டார்களாம். கொரியாவில் அப்படிச் செய்யவில்லை.

“இஞ்சிதான் எங்கடை பேரை எடுத்தது, நாங்கள் இஞ்சியின்ரை பேரை எடுக்கேல்லை எண்டு உன்ரை அண்ணைக்கு எழுது” என்றா. (ஆங்கிலத்தில்தான் சொன்னா. உங்களுக்காக எங்கள் தமிழில் எழுதுகிறேன்.)

பிறகு இன்னொரு எழுத்தும் கீறினா: 姓. கொரிய மொழியில் ‘சொங்’. குடும்பப் பெயர் என்று அர்த்தம். இடது பக்கத்தில் பெண், வலது பக்கத்தில் பிறப்பு. பெண்ணிடம் பிறந்தது, அதுதான் குடும்பப் பெயர். மிகப் பழைய குடும்பப் பெயர்கள் பலவற்றிலும் இந்தப் பெண் இருக்கிறாளாம், காங்கில் இருப்பது போல. கொரியாவில் கலியாணம் முடித்தாலும் பெண்கள் தங்கள் பெயரை மாற்றுவதில்லை. நான் மாற்றாமல் இருப்பது உங்களுக்காக என்று நீங்கள் நினைத்தால், இல்லை. மாற்று என்று அந்தப் பக்கத்தில் யாரும் கேட்கவே இல்லை.

இனிக் கலியாணக் காட் விஷயத்துக்கு வருகிறேன். அம்மா அப்பா இருவரையும் போட்டால் இரண்டு பெயருக்கு முன்னாலும் ‘காலஞ்சென்ற’ என்று போட வேண்டும். என் கலியாணக் காட்டில் அந்தச் சொல் இரண்டு தரம் வருவதை என்னால் பார்க்க முடியவில்லை. எடுத்துவிட்டேன். அவ்வளவுதான். நீங்கள் ஒரு தரம் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

அப்பா சாகும்போது எனக்கு ஆறு வயது. அவருடைய முகம் உங்களுக்கு நினைவிருக்கிறது, எனக்கு இல்லை. எனக்கு அப்பா என்று இருப்பது என் லைசென்ஸில் இருக்கிற அந்தப் பெயர் மட்டும். ஆகவே அதை நான் தெருவில் போட்டுவிட்டேன் என்று எழுதாதீர்கள்.

கேட்கிறேன் என்று கோபிக்க வேண்டாம். உங்கள் மகளின் லாஸ்ற் நேம் என்ன? அட்சயா அன்புராசா. தில்லையம்பலம் எங்கே அண்ணா?

துர்க்கா


டோர்செட் பார்க்
11 மே 2025

துர்க்கா,

பதில் எழுதச் சுணங்கிவிட்டது. எழுதினேன், கிழித்தேன். அண்ணி கடைசியில், “எழுதினா அனுப்புங்கோ, இல்லாட்டி விடுங்கோ, பேப்பர் முடியுது” என்றாள்.

நீ கேட்டதற்குப் பதில். தொண்ணூற்றொன்பதில் நான் இங்கே வந்து இறங்கியபோது விமான நிலையத்தில் ஒருத்தன் லாஸ்ற் நேம் என்ன என்று கேட்டான். எனக்கு விளங்கவில்லை. ஊரில் நான் தில்லையம்பலம் அன்புராசா. அப்பாவின் பெயர் முன்னுக்கு, என் பெயர் பின்னுக்கு. கடைசிப் பெயர் என்றால் அன்புராசாதானே? மொழிபெயர்க்க வந்த ஆள்தான் சொன்னார், “தம்பி, தேப்பன்ரை பேரைச் சொல்லும்” என்று. சொன்னேன். அப்படித்தான் அது எனக்கு வந்தது, உனக்கும் அம்மாவோடு வந்தபோது வந்தது.

அட்சயா பிறந்தபோது பதிவுக்கு எழுதினேன். பிள்ளைக்குத் தகப்பன் பெயர். தகப்பன் நான். எங்கள் ஆட்கள் எல்லோரும் செய்கிறதைத்தான் செய்தேன். அப்பாவின் பெயர் அதோடு நின்றுபோகும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. உன் கடிதத்தில் வாசித்த பிறகுதான் தோன்றியது. ஒன்றரை மாதமாக அதுவே மண்டைக்குள் நிற்கிறது. உன்னில் கோபமும் வந்தது. அதை மறைக்கவில்லை.

‘காலஞ்சென்ற’ விஷயம் எனக்குத் தெரியாது. நான் வேறு மாதிரி நினைத்துவிட்டேன்.

கடையில் இஞ்சிப் பெட்டி வரும்போது இப்போது கொம்பைத்தான் பார்க்கிறேன். ஒரு சந்தேகம், மாமியிடம் கேள். பெண்ணிடம் பிறந்தது குடும்பப் பெயர் என்றால், ஜுன்ஹோவுக்கு ஏன் தகப்பனின் பெயர் வந்தது? எழுத்து ஒன்று சொல்ல ஆட்கள் வேறொன்று செய்கிறார்களா?

பிரஷர் எப்படி?

அன்புராசா


நோர்த் யோர்க்
20 மே 2025

அண்ணா,

பிரஷர் குறையவில்லை. வேலையை நிறுத்திவிட்டு வீட்டில் படுத்திருக்கச் சொல்லிவிட்டார்கள். காலில் செருப்பு ஏறவில்லை. அதனால் மாமி பகலில் வந்து என்னோடு இருக்கிறா. உங்கள் கேள்வியை அவவிடம் கேட்டேன்.

“ஓம், அப்பிடித்தான் செய்யினம்” என்றா. ஆதியில் ஆட்கள் தாயின் வழியைத்தான் பார்த்தார்கள் என்று சிலர் சொல்கிறார்களாம். அதெல்லாம் இல்லை, ஒரு தாயின் வயிற்றில் பிறந்தவர்கள் என்பதைத்தான் அந்த எழுத்து காட்டுகிறது என்று வேறு சிலர் சொல்கிறார்களாம். மூவாயிரம் வருஷத்துக்கு முன்னால் ஒருத்தன் எதை நினைத்துக் கீறினான் என்று தனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டா. பள்ளிக்கூடத்தில் அந்த எழுத்தை நூறு தரம் எழுத வைத்தார்களாம், ஒரு நாளும் விளக்கம் சொல்லவில்லையாம்.

பிறகு தன் கதையைச் சொன்னா. அவவுடைய குடும்பப் பெயர் காங் இல்லை, பெக். பெக் சூன்-இம். பெக் என்றால் வெள்ளை. புருஷனோடு ரொறன்ரோவுக்கு வந்தபோது, கணவன் காங் என்றால் மனைவியும் காங்தான் என்று கவுண்டரில் எழுதிவிட்டார்கள். ஆங்கிலம் தெரியாது, தலையை ஆட்டியிருக்கிறா. ஊரில் தம்பிமாருக்குக் கடிதம் போட்டபோது அவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்களாம். அங்கே புருஷனும் பெண்சாதியும் ஒரே பெயரோடு இருந்தால் கூடப்பிறந்தவர்கள் என்றுதான் யாரும் நினைப்பார்கள்.

“கனடாவிலை நான் என்ரை புருஷனுக்குத் தங்கைச்சி. அம்பது வருஷமாய்த் தங்கைச்சி” என்றா. சலவைக் கடை நடத்தின காலம் முழுக்க எல்லோருக்கும் அவ மிசிஸ் காங். மாமா செத்த பிறகாவது மாற்றுவோம் என்று நினைத்தாவாம். கடை, வீடு, பென்ஷன் எல்லாம் அந்தப் பெயரில். விட்டுவிட்டா.

இதைச் சொல்லும்போது பட்டாணி உரித்துக்கொண்டிருந்தா. கவலைப்பட்ட மாதிரித் தெரியவில்லை. ஆனால் பிள்ளைக்கு என்ன பெயர் வைப்பது என்று நான் கேட்டபோது தலையை ஆட்டி மறுத்தா. “நான் சொன்னா உத்தரவாய்ப் போயிடும்” என்றா.

அண்ணா, நீங்கள் ஒரு நாள் வந்து பார்க்கலாம். டோர்செட் பார்க்கிலிருந்து இங்கே அரை மணித்தியாலம் கூட இல்லை. அண்ணியை இடியப்பம் கட்டித் தரச் சொல்லுங்கள். சம்பலுக்கு உப்பு வேண்டாம்.

துர்க்கா


டோர்செட் பார்க்
9 ஜூலை 2025

துர்க்கா,

உன்னை நேரில் பார்த்துவிட்டுத்தான் வந்தேன், ஆனால் நீ என்னைப் பார்க்கவில்லை. மருந்து மயக்கத்தில் படுத்திருந்தாய். உன் கட்டிலடியில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன். எழுதிப் பழகிவிட்டது, அதனால் எழுதுகிறேன்.

இடியப்பத்தோடு வருகிறேன் வருகிறேன் என்று இருந்து வராமலே விட்டுவிட்டேன். அதற்குச் சாட்டு ஒன்றும் இல்லை.

திங்கட்கிழமை காலை கடையில் தக்காளி அடுக்கிக்கொண்டு நிற்கும்போது தெரியாத இலக்கத்திலிருந்து போன் வந்தது. எடுத்தால் “அண்ணா” என்று ஒரு குரல். தமிழில் அந்த ஒரு சொல்தான், மிச்சம் ஆங்கிலம். உன் புருஷன். பிரஷர் ஏறிவிட்டது, வெட்டித்தான் எடுத்தார்கள், பெண் பிள்ளை, நாள் காணாது, முந்திப் பிறந்துவிட்டது, தாயும் பிள்ளையும் வேறு வேறு மாடியில் என்றார். “வர முடியுமா” என்று கேட்டார். ஏப்ரனைக் கூடக் கழற்றாமல் காரில் ஏறினேன். மரியோதான் மிச்சத் தக்காளியை அடுக்கியிருக்கிறான்.

பிள்ளைகள் இருக்கிற மாடியில் ஒரு பெண் கவுண்டரில் இருந்தாள். காங் பேபியைப் பார்க்க வேண்டும் என்றேன். கொம்பியூட்டரில் தேடிவிட்டு ஆங்கிலத்தில் சொன்னாள்.

“காங் எண்டு ஒரு பேபியும் இல்லையே.”

“காலமைதான் பிறந்தது. பொம்பிளைப் பிள்ளை.”

திரும்பவும் தேடினாள். “இல்லை சேர். அந்தப் பேரிலை இஞ்சை ஒருத்தரும் இல்லை.”

நான் வருவதற்குள் பிள்ளைக்கு ஏதோ நடந்துவிட்டது, அதுதான் பெயர் இல்லை என்று நினைத்தேன். கவுண்டரைப் பிடித்துக்கொண்டேன். என் முகத்தைப் பார்த்துவிட்டு அவளே எழும்பி நின்றாள். “சேர், பிள்ளையளைத் தாயின்ரை லாஸ்ற் நேமிலைதான் போடுறனாங்கள். தாயின்ரை பேர் என்ன?”

தில்லையம்பலம் என்றேன். எழுத்தெழுத்தாகச் சொல்லச் சொன்னாள். சொன்னேன். இருபத்தாறு வருஷமாக இந்த நாட்டில் எல்லாக் கவுண்டரிலும் சொன்ன எழுத்துத்தான், ஆனால் அன்றைக்குப் பாதியில் பிழைத்து, திரும்ப முதலிலிருந்து சொன்னேன். “ஆ, இருக்கிறா” என்றாள். என் லைசென்ஸைக் கேட்டாள். பார்த்துவிட்டு, “ஒரே பேர். நீங்கள் ஃபமிலிதானே” என்று சொல்லி உன் புருஷனைக் கூப்பிட்டுவிட்டாள்.

அவர் வந்து என்னை உள்ளே கூட்டிக்கொண்டு போனார். கை கழுவ வைத்தார். கண்ணாடிப் பெட்டிக்குள் பிள்ளை. என் இரண்டு கைக்குள்ளும் அடங்கிவிடும். மூக்கில் குழாய். காலில் ஒரு பட்டி. அதில் அச்சடித்திருந்தது: பேபி கேர்ள் தில்லையம்பலம்.

நீ சின்னப் பிள்ளை, உனக்குத் தெரியாது. அப்பா கிளிநொச்சியில் காய்ச்சலில் செத்தபோது ஆஸ்பத்திரி என்று ஒரு கொட்டில். மருந்தில்லை. எரிக்கிறதற்கு முன்னால் அவருடைய பெயரை எங்காவது எழுதுவார்கள் என்று பார்த்தேன். எழுத அன்றைக்கு அங்கே ஆள் இல்லை, தாளும் இல்லை. எனக்குப் பதினாறு வயது. அந்தப் பெயரை அந்தச் சின்னக் காலில் பார்த்துக்கொண்டு நின்றேன். உன் புருஷன் என் முதுகில் கை வைத்தார். அவருக்கு என்ன விளங்கியதோ தெரியாது.

வீட்டுக்கு வந்து அட்சயாவிடம் சொன்னேன், “உன்ரை லாஸ்ற் நேமையும் தில்லையம்பலம் எண்டு மாத்துவம்” என்று.

“அப்பா, ஆர் யூ சீரியஸ்?” என்றாள். “நான் மாத்தமாட்டன். ஸ்கூலிலை எல்லாரும் அந்தப் பேராலைதான் கூப்பிடுகினம். அது உங்கடை பேர். எனக்கு அது பிடிச்சிருக்கு.”

எழும்பி வந்து இந்தக் கடிதத்தை எழுத இருந்தேன்.

ஆகவே நீ மார்ச்சில் கேட்டதற்கு இப்போது பதில் சொல்கிறேன். உனக்கு எது பிடிக்குமோ அதை வை. காங் என்றாலும் எனக்குச் சரி. ஆடும் பெண்ணும் நல்ல பெயர்தான். பிள்ளை அந்தப் பெட்டியை விட்டு வெளியே வந்தால் போதும்.

அண்ணா


ரொறன்ரோ
20 ஜூலை 2025

அண்ணா,

உங்கள் கடிதத்தை ஆஸ்பத்திரியில் மாமிதான் கொண்டுவந்து தந்தா. என் கட்டிலடியில் நீங்கள் நின்றதை ஜுன்ஹோ சொன்னார். நீங்கள் ஏப்ரனோடு வந்ததை நர்ஸ் சொன்னா. தக்காளி மணத்ததாம்.

மூக்குக் குழாயை எடுத்துவிட்டார்கள். தானாகப் பால் குடிக்கிறாள். பாதியில் நித்திரையாகிவிடுகிறாள், காலைத் தட்டி எழுப்ப வேண்டும். நான் இப்போது நடக்கிறேன், பிரஷர் இறங்கிவிட்டது.

பெயர் பதிந்துவிட்டோம். மீனா தில்லையம்பலம். முடிவெடுத்தது ஜுன்ஹோ. “ஆஸ்பத்திரி ஏற்கெனவே வைச்சிட்டுது. பிள்ளையும் அந்தப் பேரோடைதான் உயிர் பிடிச்சு வந்தவள். ஏன் மாத்துவான்?” என்றார். மீனா என்ற பெயர் கொரிய மொழியிலும் இருக்கிறது, மினா என்பார்கள். மாமிக்குச் சொல்ல எனக்குப் பயமாக இருந்தது. தன் பேத்தி காங் இல்லை என்றால் என்ன நினைப்பா? கேட்டுவிட்டுப் பேனையைத் தேடி எடுத்தா. பிறகு, சீன எழுத்தில் அவளுடைய பெயரை எப்படி எழுதுவது என்பதைத் தான்தான் முடிவு செய்வேன் என்றா. இரண்டு நாள் யோசித்துக் கீறித் தந்தா: 美娜. முதலாவது அழகு, மேலே ஆடு நிற்கிறது. இரண்டாவதில் பெண் நிற்கிறாள். “காங் உள்ளுக்கை இருக்கு. எனக்கு அது போதும்” என்றா. எனக்கு அழுகை வந்துவிட்டது. அவவுக்கு வரவில்லை. பால் போத்தலைக் கழுவப் போய்விட்டா.

நீங்கள் அவவைச் சந்திக்கும்போது மிசிஸ் காங் என்று கூப்பிட வேண்டாம். பெக் யோசா என்று சொல்லுங்கள். பெக் அம்மையார் என்பது மாதிரி. இங்கே யாரும் அவவை அப்படிக் கூப்பிடுவதில்லை என்று ஜுன்ஹோ சொல்கிறார். யோ கொஞ்சம் இழுத்து.

அட்சயா சொன்னதை வாசித்துச் சிரித்தேன். அவள் சொல்வது சரிதான் அண்ணா, விடுங்கள்.

அடுத்த செவ்வாய்க்கிழமை பிள்ளையை வீட்டுக்கு விடுகிறார்கள். காரில் பிள்ளைச் சீற்றைச் சரியாகப் பூட்டாவிட்டால் நர்ஸ் வெளியே போகவே விடமாட்டாவாம். ஜுன்ஹோ பூட்டிப் பூட்டிப் பார்த்துவிட்டார், இன்னும் ஆடுகிறது. யூடியூப்பைப் பார்த்து இன்னும் மோசமாக்கிவிட்டார். அட்சயாவுக்கு நீங்கள்தானே பூட்டினீர்கள். காலையிலேயே வாருங்கள். கீழே பார்க்கிங்கில் நிற்கிறோம், சாம்பல் நிறக் கார்.

துர்க்கா